ராப்லாக்ஸில் ஒரு குமரி ஒபி: முதல் கட்டையிலிருந்து பப்ளிஷ் வரை

மேடை மேடையாகத் தாவ வேண்டும், சிவப்புக் கட்டையில் படக்கூடாது, சுழலும் கம்பியைத் தாண்ட வேண்டும், கடைசி மேடையைத் தொட வேண்டும். ஒபி என்றால் அவ்வளவுதான். ராப்லாக்ஸ் என்பது மற்றவர் கட்டிய கேம்களை ஆடவும் நாமே கட்டவும் இடம் தரும் இணையத் தளம்; கட்டுவதற்கான மென்பொருள் ராப்லாக்ஸ் ஸ்டுடியோ. அதில் புதிதாக நுழைபவர் முதலில் கட்ட ஏற்றதும் இதுதான். எளிது என்பதாலேயே அரைகுறையாகக் கட்டிப் போட்டவையும் ஏராளம். ஒரு ஒபி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரே கேள்விதான் உண்டு: விழுந்தவருக்கு ஏன் விழுந்தோம் என்று உடனே தெரிகிறதா? தெரிந்தால் மறுபடி முயல்வார். தெரியாவிட்டால் வெளியேறிவிடுவார். கீழே வரும் அளவுகளும் அமைப்புகளும் இந்தக் கேள்விக்காகத்தான்.

கட்டப்போவது கன்னியாகுமரி மாவட்டத்து இடங்களை வைத்து ஐந்து கட்டங்கள்: தோவாளை பூக்கூடைகள், முட்டம் பாறைகள், மாத்தூர் தொட்டிப்பாலம், முப்பந்தல் காற்றாலைகள், கடலின் மேல் கண்ணாடிப் பாலம். திருவள்ளுவர் சிலையின் அடியில் ஆட்டம் முடியும். சொந்த ஊரை எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு கட்டத்துக்கும் வடிவமும் நிறமும் தடையும் தானாகவே கிடைத்துவிடும்; வானவில் நிறத்தில் மிதக்கும் கட்டைகளை இன்னொரு தடவை அடுக்க வேண்டியதில்லை.

தேவையானவை

ஸ்டுடியோ இலவசம். விண்டோஸ் அல்லது மேக் கம்ப்யூட்டர் வேண்டும். போனில் விளையாடலாம், கட்ட முடியாது. லேப்டாப் டச்பேடில் கேமராவைத் திருப்புவது பெரும்பாடு, ஆகவே சக்கரம் வைத்த சாதாரண மவுஸ் ஒன்று வாங்கிவிடுங்கள். கட்டப்போவது பள்ளிப்பிள்ளை என்றால் கணக்கில் பிறந்த தேதியை உண்மையாகவே கொடுக்கட்டும்; சாட் கட்டுப்பாடுகள் எல்லாம் வயதை வைத்துத்தான் வேலை செய்கின்றன.

ஸ்டுடியோவைத் திறந்ததும் டெம்ப்ளேட் பட்டியலில் 'ஒபி' என்றே ஒன்று இருக்கும். ஒருமுறை திறந்து, ஓடிப் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். அதன் மேலேயே கட்டினால் எந்த ஸ்கிரிப்ட் (நிரல்) எதைச் செய்கிறது என்று தெரியாது. ஏதாவது பிசகினால் எங்கே கைவைப்பது என்றும் தெரியாது. பெரிய தரை மட்டும் உள்ள 'பேஸ்பிளேட்' டெம்ப்ளேட்டில் தொடங்குங்கள். முதல் மேடையை உயரத்தில் வைத்ததும் அந்தப் பெரிய தரையை அழித்துவிடுங்கள். தரை இருந்தால் விழுந்தவர் கீழேயே நடந்து முடிவுக்குப் போய்விடுவார். ராப்லாக்ஸில் உயரத்திலிருந்து விழுந்தால் தானாக அடிபடாது. இதை மறந்து கட்டிய ஒபிகள் நிறைய.

குதி அளவு: இதை முதலில் முடிவு செய்யுங்கள்

ராப்லாக்ஸில் நீளம் ஸ்டட் கணக்கில். ஒரு ஸ்டட் 0.28 மீட்டர். கதாபாத்திரத்தின் உயரம் ஏறத்தாழ 5 ஸ்டட். நடை வேகம் நொடிக்கு 16 ஸ்டட், குதி உயரம் 7.2 ஸ்டட், ஈர்ப்பு 196.2. இந்த மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால், குதித்தவர் காற்றில் இருப்பது சுமார் 0.54 நொடி. அதற்குள் 8.7 ஸ்டட் முன்னே போவார். மேடை விளிம்பில் பாதிக் கால் வெளியே நிற்கும்படி நின்று குதித்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும்.

ஆகவே இரு மேடைகளுக்கு நடுவே இடைவெளி 4 முதல் 5 ஸ்டட் என்றால் எளிது, 6 முதல் 7 நடுத்தரம், 8 முதல் 9 கடினம். 10-க்கு மேல் வைத்தால் சிலரால் தாண்ட முடியும், தாண்டாதவர் உங்களைத் திட்டுவார். அடுத்த மேடை உயரத்தில் இருந்தால் கணக்கு மாறும்: 4 ஸ்டட் உயரமான மேடைக்குக் குதித்தால் 0.45 நொடிதான் கிடைக்கும், முன்னே போவது 7.2 ஸ்டட். தட்டையில் 7 ஸ்டட் இடைவெளியைச் சோதித்துவிட்டு, அழகுக்காக மேடையைத் தூக்கி வைத்தால், அந்த இடத்தில் எல்லோரும் விழுவார்கள்.

எக்ஸ்ப்ளோரரில் (கேமில் உள்ள எல்லாவற்றின் பட்டியல்) 'ஸ்டார்ட்டர்பிளேயர்' என்பதை அழுத்தி, பிராப்பர்ட்டீஸில் (தேர்ந்தெடுத்ததன் அமைப்புகள்) நடை வேகமும் குதி உயரமும் மேற்சொன்ன எண்களில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 'யூஸ் ஜம்ப்பவர்' ஆஃப் ஆக இருக்க வேண்டும். பாதி கட்டிய பிறகு இந்த எண்களைத் தொடாதீர்கள். ஒரு எண் மாறினால் எல்லா இடைவெளியும் பொய்யாகிவிடும். கேம் செட்டிங்ஸில் அவதார் பகுதியையும் பாருங்கள். ஆளுக்கு ஆள் உடல் அளவு மாறினால் தாழ்ந்த கூரைகளும் ஒடுக்கமான சந்துகளும் ஒருவருக்கு எளிதாகவும் இன்னொருவருக்கு முடியாததாகவும் ஆகும். ஒரே அளவில் பூட்டிவைப்பது நல்லது.

சாம்பல் கட்டைகளால் முதல் வரைவு

நிறம், பூ, பாறை எதுவும் இப்போது வேண்டாம். சாம்பல் பிளாக்குகளால் ஐந்து கட்டங்களையும் போட்டு முடியுங்கள். கண்ட்ரோலுடன் 2 நகர்த்த, 3 பெரிதாக்க, 4 திருப்ப, டி நகலெடுக்க. எஃப் அழுத்தினால் தேர்ந்தெடுத்த கட்டைக்குக் கேமரா வந்து நிற்கும். நகர்த்தும் அளவை 1 ஸ்டட், திருப்பும் அளவை 15 டிகிரி என்று வைத்துக்கொண்டால் கட்டைகள் கோணல்மாணலாக நிற்காது.

ஒவ்வொரு பார்ட்டுக்கும் (கட்டைக்கும்) 'ஆங்கர்டு', அதாவது இடத்திலேயே நிலையாக நிறுத்தும் அமைப்பு, ஆன் ஆக இருக்க வேண்டும். ஆல்ட்டுடன் ஏ அழுத்தினால் தேர்ந்தெடுத்தவை எல்லாம் ஆங்கர் ஆகும். இதை விட்டுவிட்டால் பிளே அழுத்திய நொடியில் மேடைகள் எல்லாம் சரசரவென்று கீழே போகும்.

இன்னொன்று: பிளே ஓடிக்கொண்டிருக்கும்போது செய்யும் மாற்றங்கள் ஸ்டாப் அழுத்தியதும் போய்விடும். அரைமணி நேரம் அழகாக அடுக்கிவிட்டு, அது பிளே நிலை என்று பிறகு கண்டுபிடிப்பவர்கள் உண்டு. எஃப்5 பிளே, ஷிஃப்டுடன் எஃப்5 ஸ்டாப். கை பழகும் வரை திரையில் எந்த நிலை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஆனி ஆடி சாரலிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் நம் மாவட்டத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் சேமியுங்கள். கம்ப்யூட்டரில் ஒரு நகல், ராப்லாக்ஸ் கணக்கில் ஒரு நகல்.

விழுந்தவர் இறக்க வேண்டும்

'வொர்க்ஸ்பேஸ்' பிராப்பர்ட்டீஸில் பொருள்கள் அழியும் உயரம் இயல்பாக மைனஸ் 500-ல் இருக்கும். மேடையிலிருந்து விழுந்தவர் அங்கே போய்ச்சேர இரண்டு நொடிக்கு மேல் ஆகும். அதை மைனஸ் 50-க்கு ஏற்றிவிடுங்கள். 'பிளேயர்ஸ்' பகுதியில் மறுபிறப்பு நேரத்தையும் 1 அல்லது 2 நொடியாகக் குறையுங்கள். ஒபியில் ஒருவர் பத்து இருபது முறை விழுவார். ஒவ்வொரு முறையும் சும்மா காத்திருக்கும் நொடிகளைக் கூட்டினால், விளையாடும் நேரத்தைவிட விழும் நேரம் அதிகமாகிவிடும்.

கடலோ ஆறோ கீழே இருக்கும் கட்டங்களில் இது போதாது, ஏனென்றால் விழுந்தவர் தண்ணீரில் நீந்த ஆரம்பித்துவிடுவார். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு பெரிய பார்ட் வைத்து, டிரான்ஸ்பரன்சி 1 (கண்ணுக்குத் தெரியாது), 'கேன்கொலைட்' ஆஃப் (மோதாமல் உள்ளே புகலாம்), ஆங்கர்டு ஆன் என்று அமைத்து, அதற்குள் கொல்லும் ஸ்கிரிப்டைப் போடுங்கள். ஒரு பார்ட்டின் பக்கம் 2048 ஸ்டட் வரை போகும், ஆகவே ஒன்றே போதும்.

கொல்லும் ஸ்கிரிப்ட் ஆறேழு வரிதான். மொழி லுவாவிலிருந்து வந்த லுவாவ். சொற்களை ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும், ஆனால் இரண்டு மூன்று எழுத்து தட்டினாலே எடிட்டர் மீதியைக் காட்டும். வரிசை இப்படி: பார்ட்டுக்குள் ஒரு ஸ்கிரிப்ட் சேர்த்து, அதில் இருக்கும் 'ஹலோ வேர்ல்டு' வரியை அழித்துவிடுங்கள். பார்ட்டின் 'டச்டு' நிகழ்வுடன் ஒரு ஃபங்ஷனை இணையுங்கள். தொட்டது கால், கை என்று ஏதோ ஓர் உறுப்பாக இருக்கும். அதன் 'பேரன்ட்'டுக்குள் (அந்த உறுப்பு அடங்கிய முழு உருவத்துக்குள்) 'ஹியூமனாய்டு' (உயிரையும் நடையையும் கவனிக்கும் பகுதி) இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதன் 'ஹெல்த்' பூஜ்யம். தேடாமல் நேரே ஹெல்த்தை மாற்றினால், வேறு ஏதாவது கட்டை வந்து பட்டதும் அவுட்புட் பலகையில் சிவப்பில் பிழை வந்து குவியும். பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறினாலும் வேலை செய்யாது. எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் அவுட்புட் பலகையைத் திறந்து வரி எண்ணைப் பாருங்கள்.

இந்த ஸ்கிரிப்டை ஐம்பது கட்டைகளில் ஐம்பது நகலாக ஒட்டாதீர்கள். கொல்லும் கட்டைகள் எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு, ஒரே ஸ்கிரிப்ட் அந்த ஃபோல்டரைச் சுற்றிவந்து ஒவ்வொன்றிலும் இணைத்தால், பிறகு மாற்றுவதற்கு ஓர் இடம்தான்.

செக்பாயின்ட்

விழுந்தவர் முதலிலிருந்து தொடங்காமல் கடைசியாகத் தொட்ட இடத்தில் மறுபடி பிறக்க வைப்பது செக்பாயின்ட். இங்கேதான் பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது. ஸ்கிரிப்ட் வேண்டாம் என்றால் டீம் வழி இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் ஒரு 'ஸ்பான் லொகேஷன்' (ஆள் பிறக்கும் மேடை) வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு டீம் நிறம், 'நியூட்ரல்' (எல்லா டீமுக்கும் பொது) ஆஃப், 'அலவ் டீம் சேஞ்ச் ஆன் டச்' ஆன். 'டீம்ஸ்' பகுதியில் அதே நிறங்களில் அதே எண்ணிக்கையில் டீம்களை உருவாக்குங்கள். முதல் டீமுக்கு மட்டும் 'ஆட்டோ அசைனபிள்' ஆன், மற்றவற்றுக்கு ஆஃப். புதிதாக வருபவர் மூன்றாம் கட்டத்தில் பிறக்கிறார் என்றால் இந்தக் கடைசி டிக்கை எடுக்க மறந்திருக்கிறீர்கள். தொட்டும் செக்பாயின்ட் மாறவில்லை என்றால் நிறம் பொருந்தவில்லை. பச்சையில் பத்து வகை பச்சை உண்டு, கண்ணால் பார்த்து நம்பாமல் நிறத்தின் பெயரைச் சரிபாருங்கள்.

டீம் வழியில் இரண்டு குறைகள். பின்னால் போய் பழைய செக்பாயின்டை மிதித்தால் அங்கேயே திரும்பிவிடும். நாளை வந்தால் முதலிலிருந்துதான். ஐந்து கட்டத்துக்கு இது பரவாயில்லை. கூட்டப் போகிறீர்கள் என்றால் எண் வழிக்கு மாறுங்கள்: ஸ்பான்களுக்கு 1, 2, 3 என்று பெயர் வைத்து ஒரு ஃபோல்டரில் போட்டு, எல்லாவற்றுக்கும் நியூட்ரல் ஆன், டச்சில் டீம் மாறும் அமைப்பு ஆஃப். ஆள் உள்ளே வந்ததும் 'லீடர்ஸ்டாட்ஸ்' என்ற பெயரில், ஆங்கிலத்தில் முழுக்கச் சிறிய எழுத்தில், ஒரு ஃபோல்டரும் அதற்குள் ஸ்டேஜ் எண்ணும் உருவாக்கி, அவருடைய 'ரெஸ்பான் லொகேஷன்' முதல் ஸ்பான் என்று வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் நியூட்ரல் ஸ்பான்களில் ஏதாவது ஒன்றில் பிறப்பார். ஸ்பானைத் தொட்டால், அதன் எண் அவருடைய எண்ணைவிடச் சரியாக ஒன்று கூடுதலா என்று பார்த்து, ஆம் என்றால் மட்டும் ஸ்டேஜ் எண்ணையும் ரெஸ்பான் லொகேஷனையும் மாற்றுங்கள். 'கூடுதலா' என்று மட்டும் பார்த்தால் எங்காவது குறுக்கு வழியில் சாடியவர் இரண்டு கட்டத்தை விழுங்கிவிடுவார்.

ஸ்பானில் 'டியூரேஷன்' 10 என்று இருக்கும். அத்தனை நொடி உடலைச் சுற்றி மின்னும் கவசம் அது. பூஜ்யம் ஆக்கிவிடுங்கள், பார்வைக்குத் தொந்தரவு.

முன்னேற்றத்தைச் சேமிக்க 'டேட்டாஸ்டோர்' (ராப்லாக்ஸிலேயே தகவலைச் சேமித்துவைக்கும் வசதி) வேண்டும். அதை ஸ்டுடியோவில் சோதிக்க முதலில் கேமை பப்ளிஷ் செய்து, கேம் செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் ஸ்டுடியோவுக்கு ஏபிஐ அனுமதி கொடுக்க வேண்டும். சாவியாகப் பெயரை வைக்காமல் 'யூசர்ஐடி' எண்ணை வையுங்கள், பெயரை மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. படிப்பதையும் எழுதுவதையும் 'பிகால்' என்பதற்குள் வையுங்கள்; இணைப்பு ஒருமுறை தவறினாலும் மீதி ஸ்கிரிப்ட் நிற்காமல் ஓடும்.

ஐந்து கட்டங்கள்

தோவாளை: பழகுவதற்கான கட்டம். 6-க்கு 6 ஸ்டட் அளவில் வட்டக் கூடைகள், சிலிண்டர் பார்ட்டின் தட்டையான முகம் மேலே வரும்படி திருப்பினால் போதும். இடைவெளி 4. எட்டு கூடைகள், கடைசி இரண்டு மட்டும் சிவப்பு அரளி நிறத்தில் கொல்லும் கூடைகள். வழியை அடைக்காமல் பக்கவாட்டில் வையுங்கள். சிவப்பு என்றால் சாவு என்பதை இங்கேயே கற்றுக்கொடுத்துவிட்டால் பின்னால் விளக்கம் தேவைப்படாது. அதன் பிறகு வேறு எதற்கும் அந்தச் சிவப்பைப் பயன்படுத்தாதீர்கள்.

முட்டம்: உயரம் மாறும் பாறைகள், இடைவெளி 5 முதல் 6, ஏற்றம் 3-க்குள். பாறையைச் சாய்த்து வைத்தால் அழகு, ஆனால் மிதிக்கும் மேல்பக்கம் தட்டையாக இருக்கட்டும். இதற்கு எளிய வழி, அழகுப் பாறைக்குக் கேன்கொலைட் ஆஃப் செய்து, உள்ளே கண்ணுக்குத் தெரியாத தட்டையான பிளாக் ஒன்றை வைப்பது.

மாத்தூர்: நிஜத் தொட்டிப்பாலம் 115 அடி உயரம், 28 தூண்கள். ஸ்டட் கணக்கில் உயரம் 125. உயரத்தை அப்படியே வைக்கலாம், கீழே பார்க்கும்போது அடிவயிறு கலங்குவதுதான் இந்தக் கட்டத்தின் சுவை. நீளத்தை மட்டும் நிஜ அளவில் வைக்காதீர்கள், வெறும் நடையாகப் போய்விடும். தூண்களில் ஒன்பது பத்து போதும். பாலத்தின் கைப்பிடிச் சுவர் மேல் நடக்கும்படி 2 ஸ்டட் அகலத்தில் ஒரு பாதை, நடுநடுவே 5 ஸ்டட் உடைப்பு. 1 ஸ்டட் அகலத்தில் வைத்தால் கம்ப்யூட்டரில் நடக்கலாம், போனில் கட்டைவிரலால் ஓட்டுபவர் பாவம். பறளியாற்றுக்கு மேலே முன்சொன்ன கொல்லும் தளத்தை வையுங்கள். இல்லையென்றால் 125 ஸ்டட் விழுந்தவர் தூசி தட்டிக்கொண்டு எழுந்து நடப்பார்.

முப்பந்தல்: இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். ஒரு வட்ட மேடை, நடுவில் ஆங்கர் செய்த தூண், அதைச் சுற்றித் தரையிலிருந்து 2 ஸ்டட் உயரத்தில் சுழலும் 24 ஸ்டட் நீளக் கம்பி. கம்பிக்கு ஆங்கர்டு ஆஃப். ஒபியில் ஆங்கர் இல்லாமல் இருக்க வேண்டிய அபூர்வமான பார்ட் இதுதான். தூணில் ஓர் 'அட்டாச்மென்ட்' (இணைப்புப் புள்ளி), கம்பியின் நடுவில் ஓர் அட்டாச்மென்ட், இரண்டையும் 'ஹிஞ்ச் கன்ஸ்ட்ரெயின்ட்' (கதவுக் கீல் போன்ற இணைப்பு) சேர்க்கும். 'ஆக்சுவேட்டர் டைப்' மோட்டார், கோணவேகம் 1 (நொடிக்கு 1 ரேடியன்).

பிளே அழுத்தினால் கம்பி அசையாது. காரணம், மோட்டாரின் அதிகபட்ச முறுக்குவிசை இயல்பாகவே பூஜ்யம். அதில் பத்து லட்சம் என்று போடுங்கள். இப்போது அசைகிறது, ஆனால் படுக்கையாகச் சுற்றாமல் செங்குத்தாகச் சக்கரம் போடுகிறது என்றால், ஹிஞ்ச் சுழல்வது அட்டாச்மென்ட்டின் எக்ஸ் அச்சில். இரண்டு அட்டாச்மென்ட்டுகளின் ஓரியன்டேஷனிலும் இசட் எண்ணை 90 ஆக்குங்கள். மஞ்சள் அம்பு வானத்தைப் பார்க்கும். அதற்கும் அடங்காமல் நடுங்குகிறது என்றால் கம்பியும் தூணும் ஒன்றோடொன்று உரசுகின்றன. 'நோ கொலிஷன் கன்ஸ்ட்ரெயின்ட்' ஒன்றை இரண்டுக்கும் நடுவே சேருங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. கோணவேகம் 1 என்றால் ஒரு சுற்றுக்கு 6.3 நொடி, 12 ஸ்டட் தள்ளி இருக்கும் நுனி நொடிக்கு 12 ஸ்டட் நகரும். 1.5 ஆக்கினால் நுனி வேகம் 18. ஆடுபவரின் ஓட்டம் 16. அதாவது விளிம்பில் நிற்பவர் எவ்வளவு ஓடினாலும் கம்பி பிடித்துவிடும். குதித்தே ஆக வேண்டும். இது வேண்டுமா என்று தெரிந்து முடிவு செய்யுங்கள். இரண்டாவது காற்றாலையை 1.5-லும் முதலாவதை 1-லும் வைப்பது எங்கள் விருப்பம். பலர் சேர்ந்து ஆடும்போது கம்பி திக்கித் திக்கிச் சுற்றினால், அதன் கணக்கை அருகில் நிற்பவரின் கருவி எடுத்துக்கொண்டிருக்கிறது. ஸ்கிரிப்டில் 'செட் நெட்வொர்க் ஓனர்' என்பதற்கு 'நில்' கொடுத்தால் சர்வரே பார்த்துக்கொள்ளும்.

கண்ணாடிப் பாலம்: விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. நீளம் 77 மீட்டர், அகலம் 10 மீட்டர். ஸ்டட்டில் 275-க்கு 36. 275 ஸ்டட் ஓட 17 நொடி. மூன்றில் ஒரு பங்காக, 90 ஸ்டட்டாகச் சுருக்குங்கள். இரண்டு வரிசையாக 6-க்கு 6 ஸ்டட் கண்ணாடிகள், ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று பொய். பொய்க் கண்ணாடிக்குக் கேன்கொலைட் ஆஃப் செய்தால் போதும், ஸ்கிரிப்ட் தேவையில்லை. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் அது வெறும் குருட்டு அதிர்ஷ்டம். விழுந்தவருக்குக் காரணம் கிடைக்காது. நிஜக் கண்ணாடிக்கு டிரான்ஸ்பரன்சி 0.5, பொய்க்கு 0.65 என்று வைத்தால் கூர்ந்து பார்ப்பவர் பிழைப்பார். மெட்டீரியலில் 'கிளாஸ்' போட ஆசை வரும். அதன் வழியே பார்த்தால் பின்னால் உள்ள மற்ற ஒளி ஊடுருவும் பார்ட்டுகள் தெரியாமல் போகும், அடுத்த கண்ணாடியே கண்ணில் படாது. 'ஸ்மூத் பிளாஸ்டிக்' போதும்.

முடிவில் 133 அடிச் சிலை, 145 ஸ்டட். பீடம் 38 அடி, சிலை 95 அடி, ஸ்டட்டில் 41.4-ம் 103.4-ம். சிலையைப் பின்னணியாக மட்டும் வையுங்கள். அய்யன் தோளில் ஏறிச் சாடும் கட்டம் வேடிக்கையாகத் தோன்றலாம், ஊரில் அதை யாரும் ரசிக்க மாட்டார்கள். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் எதையும் மிதிக்கும் மேடையாக்க வேண்டாம்.

டூல்பாக்ஸ் எச்சரிக்கை

டூல்பாக்ஸ் என்பது மற்றவர்கள் செய்துவைத்த பொருள்களின் கிடங்கு. அதிலிருந்து இலவசத் தென்னைமரம் எடுத்துப் போட்டால் உள்ளே ஒரு ஸ்கிரிப்ட் ஒளிந்திருக்கலாம். மரத்துக்கு ஸ்கிரிப்ட் எதற்கு? எக்ஸ்ப்ளோரரில் விரித்துப் பார்த்து, அலங்காரப் பொருளுக்குள் இருக்கும் ஸ்கிரிப்டுகளை அழித்துவிடுங்கள். 'ரிக்வயர்' என்ற சொல்லுடன் நீண்ட எண் இருந்தால் அந்தப் பொருளையே தூக்கி எறியுங்கள், வெளியிலிருந்து யாரோ எழுதிய நிரலை அது உள்ளே இழுக்கிறது.

சோதனை, பிறகு பப்ளிஷ்

டெஸ்ட் பகுதியில் டிவைஸ் எமுலேட்டரில் போன் திரையைத் தேர்ந்து பாருங்கள். பிறகு, கட்டியதைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். "மக்கா, இதுல எங்கன சாடணும்?" என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள், கேட்ட இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே வழி தெரியவில்லை என்று அர்த்தம், அடுத்த மேடையை வெளிச்சமாக்குங்கள் அல்லது கேமரா அந்தப் பக்கம் பார்க்கும்படி செக்பாயின்டைத் திருப்புங்கள். ஒரே இடத்தில் பலமுறை விழுந்தால் இடைவெளியை 1 ஸ்டட் குறைத்துப் பாருங்கள். கட்டியவரின் கைக்கு எல்லாமே எளிது, ஆகவே உங்கள் சொந்தச் சோதனையை நம்பாதீர்கள்.

பப்ளிஷ் செய்ததும் கேம் உங்களுக்கு மட்டுமே தெரியும். பொதுவில் திறக்க, உள்ளடக்கம் பற்றிய கேள்விப் பட்டியலை நிரப்ப வேண்டும். ஐகான் 512-க்கு 512 பிக்சல், முகப்புப் படம் 1920-க்கு 1080. காற்றாலைக் கம்பியைத் தாண்டும் நொடியைப் படமெடுத்துப் போடுங்கள். சிலையை மட்டும் போட்டால் சுற்றுலா விளம்பரம் என்று நினைத்துக் கடந்துபோவார்கள். பிறகு திருத்தங்கள் செய்து மறுபடி பப்ளிஷ் செய்யும்போது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களில் பழைய பதிப்பே தொடரும். திருத்தம் எல்லோருக்கும் உடனே போய்ச்சேர வேண்டுமானால் கிரியேட்டர் பக்கத்தில் சர்வர்களை மறுதொடக்கம் செய்யுங்கள், ஆட்கள் குறைவாக இருக்கும் நேரம் பார்த்து.